காலைத் தொடாதே என்கிறீர்கள். கையைக் கெடுத்தது யார்?

 கொஞ்சம் நீளமான பதிவு. அவசரத்தில் இருப்பவர்கள் இரவு சாப்பாட்டுக்குப் பிறகு படியுங்கள். ஆனால் படியுங்கள். குறிப்பாக நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் இருக்கிறவர்கள்.

என் சித்தி மகனுக்கு டயாலிசிஸ் நடப்பது உங்களில் பலருக்குத் தெரியும். பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டான். மற்றதை எழுத அவனே சம்மதம் சொல்லிவிட்டான். நாலரை வருடமாக வாரம் மூன்று நாள் போகிறான். இப்போது அவனுடைய இரண்டு கைகளிலும் டயாலிசிஸ் ஊசி போட வழியில்லை. கழுத்தில் ஒரு குழாயோடு நடமாடுகிறான். தொடையில் வழி செய்யலாம் என்று அறுவை மருத்துவர் சொல்லியிருக்கிறார்.

அந்தச் செய்தி வந்ததிலிருந்து குழுவில் ஒரே அமர்க்களம். "காலில் கை வைத்தால் கடைசியில் காலையே எடுத்துவிடுவார்கள்." "கழுத்தில்தான் நன்றாக ஓடுகிறதே, எதற்கு இன்னொரு ஆபரேஷன்?" "எல்லாம் காசு பிடுங்குகிற வேலை." ஒருவர் மூன்று நிமிடக் குரல் பதிவு. அதற்குக் கீழே பதினோரு பேர் கும்பிடு போட்டிருக்கிறீர்கள். அவனை ஒருத்தராவது கூப்பிட்டு, "நீ என்னப்பா நினைக்கிறாய்?" என்று கேட்டீர்களா? கேட்கவில்லை. நான் விசாரித்துவிட்டேன்.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீங்கள் பயப்பட வேண்டியது காலை நினைத்து அல்ல, கழுத்தை நினைத்து. கோபப்பட வேண்டியது இன்றைக்குக் காலைப் பற்றிப் பேசுகிற மருத்துவர் மேல் அல்ல. அவன் கைகளைப் பாழாக்கியவர்கள் மேல். அதில் மருத்துவமனைகளும் உண்டு, நம் வீட்டுப் பெரியவர்களும் உண்டு.

ஒரு கணக்குப் போடுவோம். முப்பத்து நாலு வருடப் பழக்கம், விடவில்லை. டயாலிசிஸ் மெஷின் நிமிடத்துக்கு 300 மில்லி அளவில் இரத்தத்தை இழுத்துச் சுத்தம் செய்து திருப்பி அனுப்புகிறது. 4 மணி நேரம் என்றால் 240 நிமிடம். 300 பெருக்கல் 240. 72,000 மில்லி. அதாவது 72 லிட்டர். பெரிய ஆளின் உடம்பில் மொத்தம் இருப்பதே 5 லிட்டர் சுமார். அதே இரத்தம் ஒரே உட்காரலில் 14 தடவை மெஷினுக்குள் போய் வருகிறது.

இந்த வேகத்தில் இரத்தம் தர நம் கையில் மேலே தெரிகிற பச்சைக் குழாயால் முடியாது. அதை "நரம்பு" என்று சொல்லாதீர்கள். ஐந்தாம் வகுப்பிலேயே திருத்தியிருக்கிறேன். நரம்பு உணர்ச்சியைக் கொண்டு போவது. இது சிரை. இரத்தம் இதயத்துக்குத் திரும்பிப் போகும் பாதை. அழுத்தம் குறைவு, சுவர் மெலிசு. இதயத்திலிருந்து வேகமாக வருகிற தமனி இருக்கிறதே, அது ஆழத்தில் ஓடுவது. அதில் வாரம் மூன்று நாள் தடித்த ஊசியைக் குத்தினால் தாங்காது.

ஆகவே மருத்துவர்கள் என்ன செய்கிறார்கள்? தோலுக்குக் கீழே தமனியையும் சிரையையும் சேர்த்துத் தைத்துவிடுகிறார்கள். நம் டெல்டாக்காரர்களுக்கு இதைப் புரியவைப்பது சுலபம். ஆற்றுத் தண்ணீரை மடை வெட்டி வடிகாலுக்குள் திருப்பி விட்டால் வடிகால் என்ன ஆகும்? அகலும், கரை தடிக்கும், தண்ணீர் வேகமாக ஓடும். சிரையும் அப்படித்தான். ஆறு வாரம், இரண்டு மாதம், சிலருக்கு மூன்று மாதம் போனால் விரல் கனத்துக்குப் புடைத்து, மேலாகவே தெரியும். தொட்டால் பூனை கத்தாமல் உறுமுகிற மாதிரி ஒரு அதிர்வு. அதில் இரண்டு ஊசி. ஒன்று இழுக்க, ஒன்று திருப்பி விட. இதற்குத்தான் ஏ.வி. ஃபிஸ்டுலா என்று பெயர்.

(பெயரைக் கேட்டதும் நம் பெரியம்மா ஒருவர், "அது பவுத்திரம் இல்லையா, கையில் எப்படி வந்தது?" என்று கேட்டார். சுவரொட்டி வைத்தியர்கள் அந்த ஒரு சொல்லை அவ்வளவு பிரபலமாக்கி வைத்திருக்கிறார்கள். இது நோய் இல்லை பெரியம்மா. வேண்டுமென்றே உண்டாக்குகிற இணைப்பு.)

மெஷின் பெரிசு, கண்ணுக்குத் தெரிகிறது, விளக்கெல்லாம் எரிகிறது. அதனால் உயிர் மெஷினில் இருப்பதாக நினைக்கிறோம். இல்லை. இந்த வழியில்தான் இருக்கிறது. சரித்திரமும் அதைத்தான் சொல்கிறது. 1943இல், உலகப் போருக்கு நடுவில், நெதர்லாந்தில் காம்பன் என்ற ஊரில் வில்லெம் கோல்ஃப் என்ற மருத்துவர் சுழலும் உருளை வைத்து ஒரு செயற்கைச் சிறுநீரகத்தைச் செய்தார். அவரிடம் 29 வயதுப் பெண் ஒருவர் வந்தார். மெஷின் வேலை செய்தது. 12 தடவை சுத்திகரித்தார். ஒவ்வொரு தடவையும் புது இடத்தில் வெட்டிக் குழாய் செருக வேண்டும். 12க்குப் பிறகு செருக இடமில்லை. அந்தப் பெண் போய்விட்டார். மெஷின் பழுதாகி அல்ல. வழி தீர்ந்து.

அடுத்த 17 வருடம் நாள்பட்ட நோயாளிக்கு டயாலிசிஸ் என்ற பேச்சே பெரும்பாலும் கிடையாது. 1960இல் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் பெல்டிங் ஸ்க்ரிப்னர் என்பவர் டெஃப்ளான் குழாயை வளைத்துக் கையிலேயே நிரந்தரமாக வைத்து விட்டார். வேண்டும்போது கழற்றி மெஷினோடு இணைக்கலாம். அவருடைய முதல் நோயாளி விமானத் தொழிற்சாலை ஊழியர், 11 வருடம் வாழ்ந்தார். அந்தக் காலத்திலேயே அந்தக் குழாயைக் கணுக்காலுக்குப் பக்கத்திலும் வைத்தார்கள் என்பதைக் கவனியுங்கள். காலில் வழி செய்வது நேற்று யாரோ காசுக்காகக் கண்டுபிடித்தது அல்ல.

பிறகு நியூயார்க்கில் சிமினோ, பிரெஷியா, ஏப்பல் என்ற மருத்துவர்கள் வெளியே தொங்கும் குழாயே வேண்டாம் என்று மணிக்கட்டில் தமனியையும் சிரையையும் தைத்தார்கள். 1966இல் வெளியிட்டார்கள். இன்றைக்கும் முதல் தேர்வு அதுதான். பல பத்தாண்டுகள் ஆகிவிட்டன. மெஷின் எத்தனையோ மாறிவிட்டது, இதை விஞ்ச ஒன்று வரவில்லை.

இப்போது நம் தம்பி கதைக்கு வருகிறேன்.

அவனுக்குச் சர்க்கரை கிடையாது. இரத்த அழுத்தம். கவனிக்காமல் விட்டதில் சிறுநீரகம் சுருங்கியது. டயாலிசிஸ் தொடங்குவதற்கு ஒன்றரை வருடம் முன்பே சிறுநீரக மருத்துவர் சொல்லிவிட்டார்: "இன்னும் நாள் இருக்கிறது, ஆனால் வரப்போகிறது. இடது கையில் ஃபிஸ்டுலா போட்டு வைத்துக்கொள்ளுங்கள். பழுக்க நேரம் வேண்டும்." அவர் சொன்னது பாடப்புத்தக வைத்தியம். சிறுநீரகத்தின் வேலைத்திறன் 15, 20 என்ற அளவுக்கு இறங்கி, மேலும் இறங்கிக்கொண்டே இருந்தால் வழிக்கு ஏற்பாடு செய்யத் தொடங்கு என்றுதான் உலகம் முழுக்க வழிகாட்டுகிறார்கள்.

நம் வீட்டில் என்ன நடந்தது? பஞ்சாயத்துக் கூடியது. "இப்போதே எதற்குக் கையை அறுக்க வேண்டும்? அறுத்தால் டயாலிசிஸுக்கு நாமே பத்திரிகை வைத்து அழைத்த மாதிரி ஆகும்." இதைச் சொன்னவர் இந்தப் பதிவையும் படிப்பார். பிறகு எட்டு மாதம் ஒரு ஊரில் கசாயம். கசாயத்தைப் பற்றி இன்றைக்குப் பேச வரவில்லை. அந்த எட்டு மாதத்தில் ஒரு ஃபிஸ்டுலா பழுத்து, ஊசிக்குத் தயாராகி, காத்திருந்திருக்கும். ஃபிஸ்டுலா போட்டதால் யாருக்கும் சிறுநீரகம் கெடுவதில்லை. குடை வாங்கினால் மழை வந்துவிடும் என்று பயந்து வாங்காமல் இருக்கிறோமா?

மழை வந்தது. ஒரு ராத்திரி மூச்சு முட்டி, நுரையீரலில் நீர் கோத்து, காரில் உட்காரக்கூட முடியாமல் கொண்டு போனோம். அவசரத்தில் வேறு வழி இல்லை. குழாய் போட்டுத்தான் காப்பாற்ற முடியும், காப்பாற்றினார்கள். அதற்கு நன்றி. ஆனால் குழாயைக் கழுத்தில் போடாமல் வலது காறை எலும்புக்குக் கீழே போட்டார்கள். அந்த இடத்தில் போடும் குழாய் கையிலிருந்து திரும்பும் பெரிய சிரையைத் தழும்பேற்றி அடைத்துவிடும் என்பது மருத்துவ உலகத்துக்குப் பல பத்தாண்டுகளாகத் தெரிந்த விஷயம். டயாலிசிஸ் நோயாளிக்கு அங்கே வேண்டாம் என்று படித்துப் படித்துச் சொல்லியிருக்கிறார்கள். இரண்டு வருடம் கழித்து வலது கையில் ஃபிஸ்டுலா போட்டபோது அந்தக் கை தூண் மாதிரி வீங்கியது. மேலே வடிகால் அடைபட்டிருக்கிறது, கீழே ஆற்றைத் திருப்பிவிட்டால் எங்கே போகும்? கட்டிப் போட்டு மூடினார்கள். வலது கை போனது.

இடது கை அதற்கு முன்பே பாதி போயிருந்தது. அவன் சிறுநீரக நோயாளி என்று தெரிந்த பிறகு மூன்று முறை காய்ச்சல், வயிற்றுப்போக்கு என்று படுத்திருக்கிறான். மூன்று தடவையும் டிரிப் ஊசி எங்கே? முன்னங்கையில், அகலமான நல்ல சிரையில். ஊசி போடுகிறவருக்கு அதுதான் வசதி. ஒரே குத்தில் ஏறும். ஆனால் அந்தச் சிரைதான் ஃபிஸ்டுலாவுக்கு வேண்டிய சிரை. மூன்று நாள் ஊசி இருந்த இடம் உள்ளுக்குள் கெட்டியாகி, கயிறு மாதிரி ஆகிவிடுகிறது. மணிக்கட்டில் தைத்தார்கள். விரியவே இல்லை. முழங்கைக்கு மேலே தைத்தார்கள். அது நன்றாக வந்தது. இரண்டே கால் வருடம் உழைத்தது. போன ஐப்பசி மழையில் அவனுக்கு வாந்தியும் பேதியும் வந்து இரத்த அழுத்தம் விழுந்தபோது அதிர்வு நின்றது. காலையில் நின்றதைச் சாயங்காலம் கவனித்தான். மருத்துவமனைக்குத் தொலைபேசியில் சொன்னால், "நாளை மறுநாள் டயாலிசிஸ் இருக்கிறதே, அப்போது பார்க்கலாம்" என்றார்கள். அதிர்வு நின்றால் அன்றைக்கே போக வேண்டும், உறைந்த இரத்தத்தை எடுத்து மீட்க வாய்ப்பு உண்டு, நாள் ஆக ஆக வாய்ப்புக் குறையும். இதைத் தொலைபேசி எடுத்த பெண்ணுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. மருத்துவமனையின் பெயர் வேண்டாம். அந்தப் பதில் பல இடங்களில் கிடைக்கக்கூடியது.

இதுதான் கணக்கு. எட்டு மாதத் தாமதம், இடம் மாறிப் போட்ட ஒரு குழாய், மூன்று டிரிப் ஊசி, ஒரு அலட்சியத் தொலைபேசி. இரண்டு கைகள் தீர்ந்தன. இவை நடந்தபோது குழுவில் ஒரு குரல் பதிவும் வரவில்லை. இப்போது காலுக்கு மட்டும் காவல் நிற்கிறீர்கள்.

சரி, கழுத்துக் குழாய் "நன்றாக ஓடுகிறதே" என்பவர்களுக்கு. அதைப் பெர்ம்கேத் என்கிறார்கள். "பெர்ம்" என்று பெயரில் இருப்பதால் நிரந்தரம் என்று நம்பிவிட்டீர்கள் போல. ஓடுகிறதுதான். ஊசிக் குத்து இல்லை, வலி இல்லை, செருகினால் மெஷின் சுற்றுகிறது. நோயாளிக்கும் நிம்மதி, ஊழியருக்கும் நிம்மதி. அதனால்தான் அது ஆபத்து. அந்தக் குழாயின் நுனி இதயத்தின் வாசலில் இருக்கிறது. மறு நுனி சட்டைக்கு வெளியே. கிருமிக்கு நேர் சாலை. ஃபிஸ்டுலாவோடு ஒப்பிட்டால் குழாய் வைத்திருப்பவர்களுக்கு இரத்தத்தில் கிருமி பரவும் ஆபத்து பல மடங்கு. தம்பிக்கு இந்த ஆறு மாதத்தில் இரண்டு தடவை டயாலிசிஸ் நடுவில் உடம்பு தூக்கிப் போட்டு, குளிர் நடுக்கம் வந்து, ஒவ்வொரு தடவையும் பத்து நாள் படுக்கை. மூன்றாவது தடவை கிருமி இதய வால்வில் போய் உட்காரலாம். தலைக்குக் குளிக்க முடியாது. குழாய் இருக்கும் நாளெல்லாம் மேலே மிச்சம் இருக்கிற சிரைகளும் தழும்பேறிக்கொண்டே வரும்.

சிலருக்கு அந்தக் குழாய்தான் சரியான வழி, மறுக்கவில்லை. மிக வயதானவர்கள், இதயம் மிகவும் பலவீனமானவர்கள், இரண்டு மாதத்தில் மாற்றுச் சிறுநீரகம் நிச்சயமாக வரப்போகிறவர்கள். என் தம்பிக்கு 46 வயது. மகள் பிளஸ் டூ.

வயிற்று வழி டயாலிசிஸ் ஏன் கூடாது என்று சென்னையிலிருந்து ஒரு மாணவன் கேட்டிருந்தான். நல்ல கேள்வி, பலருக்கு நல்ல வழி. இரத்தக்குழாயே வேண்டாம், வீட்டிலேயே செய்யலாம், மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் அதற்கான பைகளை வீட்டுக்கே தருகிறார்கள். இவனுக்குச் சின்ன வயதில் குடல் ஓட்டை விழுந்து பெரிய அறுவை நடந்தது. உள்ளே எல்லாம் ஒட்டிக் கிடக்கிறது. முடியாது என்று சொல்லிவிட்டார்கள்.

ஆக, கால்.

கால் என்றால் ஒரே அறுவை என்று நினைக்காதீர்கள். கணுக்காலின் உள்பக்கம் ஒரு தமனி ஓடுகிறது. குதிகாலுக்கும் கணுக்கால் எலும்புக்கும் நடுவில் விரல் வைத்தால் துடிப்புத் தெரியும். அங்கிருந்தே தொடங்கித் தொடை இடுக்கு வரை போகிறது உடம்பிலேயே நீளமான சிரை. இதய பைபாஸுக்குக் காலிலிருந்து எடுப்பார்களே, அதுதான். இந்த இரண்டையும் கணுக்காலில் தைத்தால் மணிக்கட்டு ஃபிஸ்டுலாவின் தங்கை மாதிரி. சின்ன அறுவை. ஆனால் அபூர்வமாகத்தான் செய்கிறார்கள். டயாலிசிஸ் நோயாளிகளில் நிறையப் பேருக்குச் சர்க்கரை. சர்க்கரை முழங்காலுக்குக் கீழே உள்ள தமனிகளைச் சுண்ணாம்பு ஏற்றிக் கெட்டியாக்கிவிடும். பாதத்துக்கே இரத்தம் போதாத இடத்தில் மடை வெட்டி வேறு பக்கம் திருப்பினால் கடைமடை காயும். விரல் கறுக்கும், புண் ஆறாது.

நீங்கள் சொல்கிற "காலை எடுத்துவிடுவார்கள்" என்ற பயம் இங்கிருந்துதான் வருகிறது. வெறும் கற்பனை என்று தள்ள மாட்டேன். ஏற்கெனவே தமனி அடைபட்ட காலில் போட்டால் அந்த ஆபத்து உண்மை. அதனால்தான் முதலில் பாதத் துடிப்பைப் பார்க்கிறார்கள், கணுக்கால் அழுத்தத்தைக் கை அழுத்தத்தோடு ஒப்பிடுகிறார்கள், டாப்ளர் ஸ்கேனில் தமனியையும் சிரையையும் அளக்கிறார்கள். சோதனை சரியில்லை என்றால் மருத்துவரே வேண்டாம் என்பார். தம்பிக்கு இரண்டு காலிலும் எல்லாம் பார்த்தாகிவிட்டது. துடிப்பு நன்றாக இருக்கிறது, அழுத்தம் சரி, இடுப்புக்குள் போகிற சிரையில் அடைப்பு இல்லை. பீடி, சிகரெட் அவன் தொட்டதில்லை. அது இன்றைக்கு உதவுகிறது.

தொடையில் இரண்டு விதம். தோலுக்கு அடியில் வளையமாகச் செயற்கைக் குழாய் வைப்பது ஒன்று. நம் ஒட்டாத தோசைக்கல்லில் பூசுகிற டெஃப்ளான் இருக்கிறதே, அந்தச் சாதிப் பொருள்தான். இரண்டு மூன்று வாரத்தில் ஊசி போடலாம். ஆனால் தொடை இடுக்கு வியர்வை தங்கும் இடம். கையில் வைக்கும் செயற்கைக் குழாயைவிட இங்கே கிருமி பிடிப்பது அதிகம். பிடித்தால் குழாயை எடுக்க வேண்டி வரலாம். இன்னொன்று, தொடையின் ஆழத்தில் இருக்கிற அவனுடைய சொந்தச் சிரையையே மேலே கொண்டுவந்து தமனியோடு தைப்பது. பெரிய அறுவை, ஆறுவதற்கு நாள் ஆகும், இரத்தம் அதிகமாகப் பாயும் என்பதால் இதயத்தையும் பாதத்தையும் கண்காணிக்க வேண்டும். ஆனால் சொந்தச் சதை. கிருமி குறைவு, நல்லபடி அமைந்தால் நீண்ட நாள் உழைக்கும். அவனுக்கு இரண்டாவதைத்தான் சொல்லியிருக்கிறார்கள்.

மருத்துவரிடம் அவன் கேட்ட கேள்வி எது தெரியுமா? "எந்தக் கால் டாக்டர்? எனக்கு மெஷின் மிதிப்பது வலது கால்." அவன் தையல்காரன் என்பது உங்களுக்கு மறந்திருக்கலாம், அவனுக்கு மறக்கவில்லை. மோட்டார் பெடல் வலது பாதத்தில். மருத்துவர் சிரித்துவிட்டு, இடது கால் என்றாராம். அதற்கு இன்னொரு காரணமும் சொல்லியிருக்கிறார். மாற்றுச் சிறுநீரகத்தை அடிவயிற்றில், பெரும்பாலும் வலது பக்கம், காலுக்குப் போய் வருகிற பெரிய இரத்தக்குழாய்களில்தான் இணைப்பார்கள். அரசின் உறுப்பு மாற்றுப் பட்டியலில் அவன் பெயர் இருக்கிறது. அந்தப் பக்கத்தைத் தொடாமல் வைக்க வேண்டும். தொடை இடுக்கில் அவசரக் குழாய் போடுகிறபோதும் இதை யோசிக்க வேண்டும் என்றார். அங்கே சிரை அடைந்தால் நாளைக்குச் சிறுநீரகம் கிடைத்தாலும் வைக்க இடம் சிக்கலாகும். காசு பிடுங்க நினைக்கிறவர் இவ்வளவு தூரம் யோசிப்பாரா?

காலில் சங்கடம் இல்லை என்று சொல்லவில்லை. சம்மணம் போட்டு நெடுநேரம் உட்கார்வது, இந்தியன் கழிப்பறையில் குந்துவது இதெல்லாம் அறுவைக்குப் பிறகு எப்படி என்று மருத்துவரிடம் ஒவ்வொன்றாகக் கேட்டுக் குறித்திருக்கிறோம். மேற்கத்தியக் கழிப்பறை வைக்கக் கொத்தனாரிடம் சொல்லியாகிவிட்டது. வெறுங்காலோடு வயலில் இறங்கக் கூடாது. பாதத்தைத் தினமும் பார்க்க வேண்டும்: சில்லிப்பு, வலி, நிற மாற்றம், சின்னக் காயம். கால் கொஞ்சம் வீங்கலாம். டயாலிசிஸ் நடக்கும்போது தொடையை மறைத்துப் படுக்கக் கூச்சம் இருக்கும். வேட்டி கட்டுகிற ஊரில் அது பெரிய பிரச்சினை இல்லை. பெண்களுக்குக் கஷ்டம்தான், ஒரு தடுப்புத் திரை போட்டால் தீரும், அதற்குக்கூட மனசில்லாத டயாலிசிஸ் பிரிவுகளை என் கண்ணால் பார்த்தேன். ஒரு நல்லதும் உண்டு. நாலு மணி நேரமும் இரண்டு கையும் சும்மா இருக்கும். பட்டன் தைப்பேன் அக்கா என்கிறான். அங்கே ஊசி நூல் எடுத்துப் போக விடுவார்களா தெரியவில்லை.

இந்தக் கால் அறுவையை நான் கொண்டாடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். கை இருக்கும்போது காலுக்குப் போகிற மருத்துவர் யாராவது இருந்தால் நானே போய்ச் சண்டை போடுவேன். கால் கடைசி வரிசை. இன்றைக்கு அவன் கடைசி வரிசைக்கு வந்துவிட்டான், வந்த பிறகு வரிசையே வேண்டாம் என்று பிடிவாதம் பிடிப்பது எனக்குப் புரியவில்லை.

உங்கள் வீட்டில் யாருக்காவது கிரியேட்டினின் ஏறிக்கொண்டிருந்தால் இன்றைக்கே ஒன்று செய்யுங்கள். எழுதாத கையை, வலது கைக்காரருக்கு இடது கையை, ஒதுக்கி வையுங்கள். அதில் இரத்தம் எடுக்க விடாதீர்கள், டிரிப் போட விடாதீர்கள். "புறங்கையில் எடுங்க சிஸ்டர்" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். கொஞ்சம் வலிக்கும், இரண்டு குத்து ஆகும், பரவாயில்லை. ஃபிஸ்டுலா வந்த பிறகு அந்தக் கையில் பி.பி. பார்க்கவும் விடக் கூடாது, இறுக்கமான வளையல், வாட்ச் கூடாது. காலையில் எழுந்ததும் முதல் வேலை அதிர்வைத் தொட்டுப் பார்ப்பது. நின்றிருந்தால் காப்பி குடிக்க நேரமில்லை, கிளம்ப வேண்டும்.

என்னிடம் படித்தவர்களில் எனக்குத் தெரிந்தே ஒன்பது பேர் நர்ஸ், நாலு பேர் லேப். உங்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. ரப்பர் பட்டையைக் கட்டுவதற்கு முன்னால் "சிறுநீரகப் பிரச்சினை ஏதாவது இருக்கிறதா?" என்று கேட்க மூன்று விநாடி ஆகும். கேட்கிறீர்களா? கேட்கவில்லை என்றால் ஏன் என்று எனக்கு எழுதுங்கள். கூட்டம், ஆள் பற்றாக்குறை, மேலே இருப்பவர் திட்டுவார் என்று இருந்தால் அதையும் எழுதுங்கள். உங்களைத் திட்ட மாட்டேன், அந்த மேலே இருப்பவருக்குக் கடிதம் போடுவேன். எனக்கு இப்போது நேரம் இருக்கிறது.

குடும்பக் குழுவுக்கு. வருகிற வியாழக்கிழமை அறுவை. முடிவு அவனுடையது, அவன் கையெழுத்துப் போட்டுவிட்டான். தையல் ஆறிப் பழகுகிற வரை கழுத்துக் குழாயில்தான் டயாலிசிஸ் நடக்கும், கால் ஊன்றி அவனால் பஸ் ஏற முடியாது. திங்கள், புதன், வெள்ளி காலை 6 மணிக்கு ஒருவர் வண்டியோடு வர வேண்டும், 12 மணிக்குத் திரும்பக் கொண்டு வந்து விட வேண்டும். திங்கள்கிழமைகளை நானும் உங்கள் மாமாவும் எடுத்துக்கொண்டோம். புதனும் வெள்ளியும் காலியாக இருக்கின்றன. பெயரைக் கீழே கமெண்டில் எழுதுங்கள்.